ஆரோக்கியச் சுடரின் வயிற்றுவலி

எங்கள் தொழிற்சாலையில் ஆரோக்கியமாக இருப்பது கட்டாயம். இஷ்டமிருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்கிற கதையே கிடையாது. அதைக் கவனித்துக்கொள்ள நலவாழ்வு மன்றம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பினாங்கின் சிம்பாங் அம்பாட்டில் நாங்கள் தயாரிப்பது என்னவோ தண்ணீர்ப் போத்தலுக்கு மூடிதான். மன்றத்தின் பேச்சைக் கேட்டால், மனிதர்களையும் இங்கேதான் அச்சில் வார்த்து எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று தோன்றும்.

மன்றத் தலைவர் சிதம்பரம் சார், மனிதவளப் பிரிவின் மேலாளர். கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதிக் கீற்று, மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்கு ஒரு வரம் உண்டு. ஆளின் முகத்தைப் பார்த்தே உடம்பின் நிலையைச் சொல்லிவிடுவார். இதை அவரே சொன்னார், அதனால் நாங்கள் நம்பினோம்.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கேட்டில் அவர் நிற்பார். ஒரு பக்கம் மன்றச் செயலாளர் பிரமிளா. இன்னொரு பக்கம் பாதுகாப்பு அதிகாரி பஷீர், கையில் ஒரு கூடை, கூடை நிறைய அவித்த முட்டை. இதற்கு முகத் தரிசனம் என்று பெயர். நாங்கள் ஒவ்வொருவராக முகத்தைக் காட்டிக்கொண்டே நடக்க வேண்டும். கன்னம் உப்பலாக இருந்தால் "ஹெல்தி" என்பார், போகலாம். கன்னம் ஒட்டியிருந்தால் "வீக்" என்பார். பஷீர் ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைப்பார். அதை அங்கேயே நின்று, எல்லாரும் பார்க்கத் தின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்களையும் விடுவதில்லை. அவர்களுக்கும் தரிசனம் உண்டு, முட்டையும் உண்டு.

நான் அய்யாக்கண்ணு. மூடிகளைப் பரிசோதிக்கிற பிரிவில் இருக்கிறேன். ஒரு மூடி நல்ல மூடியா என்று பார்க்க நாங்கள் அதைத் திருகிப் பார்ப்போம், அழுத்திப் பார்ப்போம், தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்ப்போம். பளபளப்பாக இருக்கிறதே என்று எந்த மூடியையும் நாங்கள் விட்டதில்லை. அந்த மரியாதை மூடிக்கு மட்டும்தான்.

எனக்கு வயிற்றுவலி வந்தது. சும்மா வந்து போகிற வலி இல்லை. தொப்புளைச் சுற்றி யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு துணி பிழிகிற மாதிரி ஒரு வலி. ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கிற கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்றார்கள். அடுத்த கிளினிக்கில் கேஸ்ட்ரிக்தான், ஆனால் பெரிய கேஸ்ட்ரிக் என்றார்கள். என் மனைவி துளசி வாயு என்றாள். பூண்டும் ஓமமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வாயுவாக இருந்திருந்தால் அந்தக் கஷாயத்தின் நாற்றத்துக்குப் பயந்தாவது ஓடியிருக்கும். வலி அசையவில்லை.

கடைசியில் டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சித்தி ஆயிஷா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். குடலைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு சவ்வு இருக்கிறதாம். அதில் இருக்கிற கொழுப்பு எந்தக் காரணமும் இல்லாமல் அழன்று, வீங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறதாம். மெசென்டெரைட்டிஸ் என்று பெயர். மிகவும் அபூர்வமான நோய், அவரே தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பேரிடம்தான் பார்த்திருக்கிறாராம். முழுசாகப் போகாது, ஆனால் அடங்கும் என்றார்.

துளசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "லக்கி டிராவுல ஒரு குடைகூட நமக்கு விழுந்ததில்ல. இது மட்டும் கரெக்டா வந்து விழுந்திருக்கு பாருங்க."

டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். கூடவே மூன்று கட்டளைகள். வயிற்றைக் காயப் போடக் கூடாது, ஒரேயடியாக நிரப்பவும் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகுதான் மாத்திரையைப் போட வேண்டும். நோய் அடங்குகிற வரைக்கும் இரவு வேலை வேண்டாம், தூக்கம் தடுமாறினால் உள்ளே இருக்கிற சூடு தணியாது.

மூன்றும் சுலபமாகத்தான் தெரிந்தன, எங்கள் தொழிற்சாலை நினைவுக்கு வருகிற வரைக்கும். எங்கள் வரிசையில் சாப்பாட்டு நேரத்தைத் தவிர வாயில் எதையும் போடக் கூடாது. இரவு ஷிப்டு முறை வைத்து எல்லாருக்கும் வரும். இதிலிருந்து விலக்குக் கொடுக்கிற அதிகாரம் நலவாழ்வு மன்றத்துக்கு மட்டும்தான் உண்டு. இந்த வயதில் வேறு இடத்துக்கு வேலை தேடிப் போனால் முதலில் மெடிக்கல் செக்கப் என்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். அதனால் நான் டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனேன்.

மூன்று பேரும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் ஆப்பிள் இருந்தது. பிரமிளா கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள்.

"சார், சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, மூட்டு வலி இருக்கு. இவரு சொல்றது இல்ல."

"பஷீர்?" என்றார் சிதம்பரம் சார்.

"ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியிலயும் அதுக்கு ஒன்னும் இல்ல சார்," என்றார் பஷீர்.

சிதம்பரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க அய்யாக்கண்ணு, கோவிச்சுக்காதீங்க. மன்றம்னா அதுக்கு ஒரு கொள்கை வேணும். ஒரே ஒரு ஆளுக்கு வந்தா அது நோய் இல்ல, சொந்த விஷயம். இன்னொருத்தருக்கும் வரட்டும். அப்ப அது பொது விஷயம் ஆயிடும், உடனே கொள்கை வகுத்துடலாம்."

"இது ரொம்ப அபூர்வம் சார். பினாங்கு முழுக்கத் தேடினாலும் இன்னொருத்தர் கெடைப்பாங்களான்னு தெரியல."

"அதான் சொல்றேன். நீங்க மொதல்ல ட்ரை பண்ணிப் பாருங்க லா."

எதை ட்ரை பண்ணுவது என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்து வரிசைக்காரன் வயிற்றை எட்டிப் பார்ப்பதா? வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இதற்கிடையில் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தது. வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஸ்டீராய்டுக்கு ஒரு குணம் உண்டு, முகத்தை வீங்க வைக்கும். டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். சொன்னபடியே என் கன்னம் இரண்டும் வெண்ணெய் பன் மாதிரி உப்பிக்கொண்டு வந்தன. ஒட்டிய முகமாகவே பிறந்து, ஒட்டிய முகத்தோடே கல்யாணம் செய்துகொண்டவன் நான். இப்போது கண்ணாடியில் பார்த்தால் யாரோ பணக்கார ஒன்றுவிட்ட சித்தப்பா நிற்கிற மாதிரி இருந்தது.

ஜெலுத்தோங் பசாரில் மீன்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "என்னாண்ணே, ஆளே மாறிட்டீங்க. முகத்துல என்னா களை." கோயிலில் பார்த்தவர்கள் துளசியிடம் என்ன சமைத்துப் போடுகிறாய் என்று கேட்டார்கள். பஸ்ஸில் ஒருவர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். உள்ளே குடல் இறுகிக்கொண்டிருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தால், "சும்மா இருங்கண்ணே, கண்ணு பட்டுடும்" என்று அடக்கிவிடுவார்கள்.

"என் தலையெழுத்து," என்றாள் துளசி. "நல்லா இருந்தப்ப, இந்தாளுக்குச் சோறே போடமாட்டியாம்மான்னு என்னக் கேட்டாங்க. நோய் வந்ததும் நல்லா கவனிச்சுக்கறியேன்னு பாராட்டுறாங்க."

மன்றத்துக்கு மறுபடியும் போனேன். இந்த முறை சிதம்பரம் சார் சீட்டை வாங்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிரமிளாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்த முகத்துக்கா நோய்ங்கிறீங்க?"

"மாத்திரையால வந்த வீக்கம் சார். டாக்டர் எழுதியே கொடுத்திருக்காங்க."

"அய்யாக்கண்ணு, டாக்டர் எழுதுறது ஒரு அபிப்பிராயம். முகம் எழுதுறது சத்தியம்." விரலால் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "இத்தன வருஷமா நான் கேட்டுல நிக்கிறேன். இப்படி ஒரு முகத்துக்காகத்தான் நின்னேன்னு இப்பத்தான் தெரியுது."

நான் இரவு ஷிப்டைப் பற்றிக் கேட்டேன். அதைத்தான் நானும் யோசிக்கிறேன் என்றார். எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் துளசிக்குப் பூகூட வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த திங்கட்கிழமை கேட்டில் என்னை நிறுத்தினார்கள். முட்டை இல்லை. பிரமிளா ஒரு மாலையைப் போட்டாள். அந்த ஆண்டின் ஆரோக்கியச் சுடராக என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சிதம்பரம் சார் மைக்கில் அறிவித்தார். பஷீர் போட்டோ எடுத்தார். அந்த வார இறுதிக்குள் என் கன்னம் கேன்டீனிலும் படிக்கட்டிலும் தண்டாஸ் என்கிற கழிவறையின் கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது. கீழே பெரிய எழுத்தில், "இவரால் முடியுமானால் உங்களால் ஏன் முடியாது?" என்று எழுதியிருந்தது. இரவு ஷிப்டைப் பற்றிய முடிவும் கூடவே வந்தது.

"நைட் ஷிப்டு ஆளுங்க முகமெல்லாம் வாடிக் கெடக்கு," என்றார் சிதம்பரம் சார். "நடுவுல இப்படி ஒரு முகம் இருந்தா அவங்களுக்கு ஒரு உற்சாகம். அதனால உங்கள நிரந்தரமா நைட்டுக்குப் போட்டிருக்கோம். இது தண்டன இல்ல, கௌரவம்."

முறை வைத்து வந்துகொண்டிருந்த இரவு ஷிப்டு, நோயைச் சொல்லி விலக்குக் கேட்டதால், எனக்கு நிரந்தரமாக வந்து சேர்ந்தது. துளசி அன்றைக்கு வைத்திருந்த பூவைத் தலையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். "அந்த ஆள நெனச்சா வாய்ல நல்லா வருது எனக்கு," என்று மட்டும் சொன்னாள்.

சாப்பிடாமல் மாத்திரை போட முடியாது, வரிசையில் சாப்பிடவும் முடியாது. அதனால் நான் திருட ஆரம்பித்தேன். என் சொந்த பிஸ்கட்டை நானே திருடித் தின்றேன். மூடிப் பெட்டிகள் அடுக்கியிருக்கிற மூலைக்குப் போய்க் குனிந்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவேன். ஒரு நாள் நிமிர்ந்தால் எதிரே பஷீர் நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சுவரில் என் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

பஷீர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிஸ்கட்டைப் பார்த்தார். "அண்ணே, ஆரோக்கியச் சுடர் ஒளிஞ்சு நின்னு தின்னுதுன்னு வெளிய தெரிஞ்சா மன்றத்து மானம் போயிடும்."

"வயிறு வலிக்குது பஷீர்."

"சுடருக்கு வலிக்காதுண்ணே. மீட்டிங்ல முடிவு பண்ணியாச்சு," என்றார் பஷீர். பிறகு குரலைத் தணித்து, "அந்தப் பக்கம் கேமரா இருக்கு, இந்தப் பக்கம் திரும்பி நின்னு சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மன்றத்தில் மனுஷன் என்று சொல்ல அவர் ஒருவராவது இருந்தார்.

விருது விழா டவுனில், கடலோரத்தில் ஒரு ஹோட்டலில் நடந்தது. இரவு ஷிப்டு முடித்த என்னை அப்படியே பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். மண்டபத்தின் பின்பக்கம் மேசை போட்டு, அண்டா அண்டாவாகச் சாப்பாட்டை மூடிவைத்திருந்தார்கள். டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் பெரிய முதலாளி வந்து விளக்கேற்றி, பேசி, பரிசு கொடுத்த பிறகுதான் மூடியைத் திறப்பார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வர வேண்டிய டத்தோ பினாங்குப் பாலத்தில் ஜாமில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வருகிற வரை நேரத்தைப் போக்க வேண்டுமே என்று வரவேற்புரை நடந்தது. பிறகு வரவேற்புரைக்கு நன்றியுரை நடந்தது. பிறகு மன்றத்தினர் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். சிதம்பரம் சார் பிரமிளாவுக்குப் போர்த்தினார், பிரமிளா பஷீருக்குப் போர்த்தினாள், பஷீர் அதே பொன்னாடையை மடித்துச் சிதம்பரம் சாருக்குப் போர்த்தினார்.

நான் மேடையில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் துணி பிழிகிறவன் எழுந்து சோம்பல் முறித்தான். முன்வரிசையில் துளசி மடியில் ஒரு தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. அந்த மண்டபத்தில் என் முகத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சிதம்பரம் சார் பேச எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. நம்ம நலவாழ்வு மன்றம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் நம்ம கம்பெனியில ஒரு நோயக்கூட நாங்க அங்கீகரிச்சதில்ல." கைதட்டல். "நோயாளிங்க வராங்க. வரத்தான் செய்வாங்க. ஆனா நாங்க மனந்தளரல. ஒவ்வொருத்தரையும் எடுத்துச் சொல்லி, புரியவச்சு, நோய் இல்லாம திருப்பி அனுப்புறோம். ஆஸ்பத்திரியால முடியாத காரியம் இது. ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கணும், ஸ்கேன் எடுக்கணும், எவ்வளவு மெனக்கேடு. நமக்கு ஒரு கூடை முட்ட போதும்." மறுபடியும் கைதட்டல். "இப்ப ஆரோக்கியச் சுடர் தன்னோட ரகசியத்தச் சொல்லுவாரு."

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நான் ஒரு முடிவோடு எழுந்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு உடம்பு சரியில்ல," என்றேன். மண்டபம் சிரித்தது. "நெசமாத்தான் சொல்றேன். எனக்குக் குடல் பக்கத்துல தீராத நோய் ஒன்னு இருக்கு. இந்தக் கன்னம் என்னோடது இல்ல, மாத்திரையோடது."

அவ்வளவுதான், கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. சிதம்பரம் சார் மைக்கை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "தன்னடக்கம். பாத்துக்குங்க. உண்மையான ஆரோக்கியம் தன்ன ஆரோக்கியம்னு சொல்லிக்காது."

எனக்கு வலி சுருட்டிப் பிடித்தது. நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த நிமிடம் துளசி மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். பிரமிளா "அக்கா, நிகழ்ச்சி நிரல்ல நீங்க இல்ல" என்று தடுக்கப் பார்த்தாள். துளசி அவளை ஒரு பார்வை பார்த்தாள், பிரமிளா வழிவிட்டாள். துளசி தூக்குச்சட்டியைத் திறந்து, இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு, அத்தனை பேர் முன்னாலும் என் வாயில் வைத்தாள்.

"மென்னு சாப்பிடுங்க. எவன் என்ன சொல்றான்னு பாக்கறேன்," என்றாள்.

சரியாக அந்த நேரத்தில் டத்தோ உள்ளே வந்தார். பாலத்தில் நின்று நின்று களைத்துப் போயிருந்தார். மேடையில் ஒரு பெண் ஒரு குண்டுக் கன்னத்து மனிதனுக்கு ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இது என்ன சடங்கு என்று மலாயில் கேட்டார்.

சிதம்பரம் சாரின் முகத்தில் வியர்வை அரும்பியது. ஆனால் அவர் சும்மா ஒன்றும் மேலாளர் ஆகிவிடவில்லை. "இதுதான் டத்தோ அவரோட ரகசியம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடறது. மன்றத்தோட கண்டுபிடிப்பு."

டத்தோவின் கண் இட்லியிலேயே இருந்தது. துளசி அவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். யாராக இருந்தாலும் பசித்தவனைப் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியாது. டத்தோ மேடையில் நின்றபடியே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மிக நல்ல திட்டம், தொழிற்சாலை முழுவதும் உடனே அமல்படுத்துங்கள் என்றார். நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரமே துளி உணவுத் திட்டம் அமலுக்கு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மணி அடிக்கும். பகல் ஷிப்டும் சரி, இரவு ஷிப்டும் சரி, எல்லாரும் கையில் இருப்பதை வைத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். சாப்பிட மறுத்தால் விளக்கம் கேட்டார்கள். பகலில் சரியாக மெல்கிறோமா என்று பிரமிளா வரிசைக்கு வரிசை வந்து தாடையைப் பார்த்தாள். எனக்கு ஒருவனுக்குக் கொடுக்கக் கொள்கை இல்லை என்றவர்கள், தொழிற்சாலை முழுக்க வாயை அசைக்க வைத்தார்கள். போகட்டும், என் வயிற்றுக்கு நேரத்துக்குச் சோறு கிடைத்தது.

இரவு ஷிப்டு மட்டும் என்னை விடவில்லை. பகலில் கீழே மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு நடுவில் துண்டு துண்டாகத் தூங்கினேன். அது மட்டும் இல்லாமல் இருந்தால் நோய் இன்னும் சீக்கிரம் தணிந்திருக்கும் என்றார் டாக்டர் சித்தி ஆயிஷா. ஆனாலும் தணிந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தபோது வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. டாக்டரே சிரித்துவிட்டார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தியும் விட்டார். திரும்பி வந்தாலும் வரும், தூக்கத்தையும் சாப்பாட்டையும் மட்டும் விடாதீர்கள் என்றார்.

அன்றைக்கு நானும் துளசியும் கடலோரத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பி குடித்தோம். வலி இல்லாமல் ஒரு கோப்பி குடிப்பது என்ன சுகம் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. துளசி என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வீக்கம் இறங்கி, கன்னம் பழையபடி ஒட்டிப்போயிருந்தது.

"வந்துட்டாருய்யா என் பழைய ஆளு," என்றாள். "அந்தக் குண்டு ஆளு கூட என்னால குடித்தனம் பண்ண முடியல."

நான் குணமான செய்தி தொழிற்சாலைக்கு முகத்தின் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலை இரவு ஷிப்டு முடிந்து வெளியே வந்தேன். கேட்டில் சிதம்பரம் சார் என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"அய்யாக்கண்ணு, என்னாச்சு உங்களுக்கு?"

"நல்லாயிடுச்சு சார். வலி சுத்தமா இல்ல."

"மறைக்காதீங்க," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "இந்த நெலமையிலயா உங்கள நைட் ஷிப்டுல போட்டிருக்கோம்? பிரமிளா, அவசரக் கூட்டம் கூட்டு."

அன்றைக்கே கூடினார்கள். நான் டாக்டரின் புதுச் சீட்டைக் காட்டினேன். நோய் அடங்கிவிட்டது என்று அதில் தெளிவாக இருந்தது. சிதம்பரம் சார் அதைப் படித்துவிட்டு வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். டாக்டர்கள் நோயாளியின் மனசு நோகக் கூடாது என்று இப்படித்தான் எழுதுவார்கள் என்றார். பிரமிளா என் நோயின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். கம்ப்யூட்டரில் இல்லாத பெயர் என்பது அன்றைக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

"பகல் ஷிப்டு, நிரந்தரமா," என்று சிதம்பரம் சார் தீர்ப்புச் சொன்னார். "ஃபேனுக்குக் கீழ நாற்காலி. தண்டாஸ் பக்கத்துலயே எடம். நீங்க எப்ப வேணா எழுந்து போலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு நோயாளியக் கைவிட்ட மன்றம்னு எங்களுக்குப் பேர் வரக்கூடாது."

நோயோடு கெஞ்சியபோது கிடைக்காத அத்தனையும், நோய் போன பிறகு ஒரே கூட்டத்தில் கிடைத்தன. நான் வாயைத் திறக்கவில்லை. நான் நோயாளி இல்லை என்று நிரூபிக்கப் போனால் மறுபடியும் இரவு ஷிப்டு, மறுபடியும் அந்தத் துணி பிழிகிறவன். துளசியிடம் சொன்னபோது அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என் படங்களைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். கழற்றவில்லை. பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டினார்கள். பழைய குண்டு முகத்துக்குக் கீழே "முன்பு" என்றும், இப்போதைய முகத்துக்குக் கீழே "பின்பு" என்றும் எழுதி, இரண்டுக்கும் கீழே, "உடம்பைக் கவனிக்காவிட்டால் நாளை உங்களுக்கும் இதே கதி" என்று போட்டிருந்தார்கள். என்னைக் கடந்து போகிறவர்கள் இப்போது குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்.

ஒரு சிக்கல்தான் மிச்சம். ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். வலி இல்லாத வயிறு, துளசியின் சமையலை இத்தனை நாள் தவறவிட்ட கணக்கில் வாங்கிக்கொள்கிறது. கொஞ்ச நாளாக என் கன்னத்தில் மெல்லச் சதை பிடிக்கிறது. இது மாத்திரைச் சதை இல்லை, என் சொந்தச் சதை. போன வாரம் பஷீர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, பார்த்து. ஹெல்தியா தெரியுறீங்க" என்று எச்சரித்தார்.

அதனால் திங்கட்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்துப் பல்லால் கவ்விக்கொள்கிறேன். தோளைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொள்கிறேன். சிதம்பரம் சார் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "பாவம், வீக்" என்கிறார். பஷீர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு என் உள்ளங்கையில் ஒரு முட்டையை வைக்கிறார். நன்றி சொல்ல வாயைத் திறந்தால் கன்னம் வெளியே வந்துவிடும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போகிறேன்.